அந்த ஒன்பது நாள்

பெரியாஸ்பத்திரியில் பதினேழாம் நம்பர் அறை,
வெள்ளிக்கிழமை மட்டும்.
இன்னாசியை ஒரு கையிலும்
நண்டு ஏலக் கணக்கு நோட்டை ஒரு கையிலும்
பிடித்துக்கொண்டு போனேன்.
தேதி போட்ட காகிதம் வேறு
எங்கள் வீட்டில் இல்லை.

கச்சான் எடுத்ததிலிருந்து படுக்கைதான் என்றேன்.
வலையைத் தொடவில்லை. முகம் மழிக்கவில்லை.
சின்னவள் "அப்பா" என்றால்
பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவதுபோல் கேட்டுக்கொண்டிருக்கிறார்.
விடியற்காலம் மூன்று மணிக்கு
கூரைத் தகரத்தைப் பார்த்துச் சொல்கிறார்:
"நான் இல்லன்னா உங்களுக்குக் கடன் குறையும்."

இதைச் சொல்லும்போது மட்டும்
நான் அவர் பக்கம் திரும்பவில்லை.

கார்த்திகையிலும் இப்படித்தான் கிடந்தார்.
தங்கச்சிமடத்தில் சோர்வுக்கு மாத்திரை கொடுத்தார்கள்.
எழுந்துவிட்டார்.
நாத்தனார் நேர்ந்த மெழுகுவர்த்தியும் ஏற்றியாயிற்று.

டாக்டர் மர்ஜானா பேனாவை வைத்தார்.
"எழுந்தவர் எப்படி எழுந்தார்?
தூக்கம் வேண்டாமல், களைப்பு தெரியாமல்,
பேச்சை நிறுத்த முடியாமல்
சில நாள் இருந்தாரா?"

அது நோயில்லையே டாக்டர்.
அது நல்லா இருந்த நாள்.

"நோட்டைக் காட்டுங்க."

மாசி பதினொன்று.
வள்ளத்துக்குப் பச்சைப் பெயிண்ட், நாலு டப்பா.
(அடித்தது ராத்திரி இரண்டு மணிக்கு, டார்ச் வெளிச்சத்தில்.)
பதிமூன்று. என் தோடு, அடகு.
பதினாலு. புது எஞ்சினுக்கு முன்பணம் நாற்பதாயிரம்.
பதினாறு. துறையில் நின்றவர்களுக்கெல்லாம் பிரியாணி,
நூற்றிநாற்பது பொட்டலம்.
பதினேழு. தபால் செலவு.
கடற்பாசியில் டீசல் எடுக்கலாம் என்று
கலெக்டருக்கு முப்பது பக்கம்.
பத்தொன்பது. ஒன்றும் எழுதவில்லை.
அன்றைக்குத் தனியாக எல்லைப் பக்கம் போனார்,
"என்னை எந்த நேவியும் தொடாது" என்று சிரித்துக்கொண்டே.

டாக்டர் விரல் விட்டு எண்ணினார்.
ஒன்பது நாள்.

நோட்டில் இல்லாததும் உண்டு.
அந்த ஒன்பது ராத்திரியும்
என்னைப் பேர் சொல்லி அழைத்தார்,
"செங்கோலு, செங்கோலு" என்று,
கல்யாணமான புதிதில் அழைத்த குரலில்.
அதையும் இந்தக் கணக்கில்தான் சேர்க்கணுமா
என்று கேட்க வாய் வரவில்லை.
தோட்டைக் கழற்றிக் கொடுத்தபோதுகூட
காது இவ்வளவு லேசாகவில்லை.

"பாம்பன்காரங்களுக்கு நான் சொல்லணுமா,
வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல்…"
என்று தொடங்கினார்.
இல்லை டாக்டர்.
தெற்கு குமுறினால் வடக்கில் வலை போடுவோம்,
வாடை வந்தால் மாற்றிப் போடுவோம்.
கடலுக்கு மாதம் உண்டு.
இவருக்கு எந்த மாதம்?

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.
"தெரியாது. நீங்கதான் குறிக்கணும்.
தூங்குற மணிக்கணக்கையும் எழுதுங்க."

பழைய மாத்திரையை நிறுத்தச் சொன்னார்.
புதிது வெள்ளையாக இருந்தது.
இதுவும் ஒரு வகை உப்புதான் என்றார்.
வெயிலில் போனால் தண்ணீர் குறையக் கூடாது,
வாந்தி, கைநடுக்கம் என்றால் உடனே வரணும்,
ஒரு வாரத்தில் ரத்தம் எடுக்கணும்.

இன்னாசி அப்போதுதான் வாய் திறந்தார்.
"முப்பது வருஷமா உப்புலதான் நிக்கிறேன்.
அளவு கூடுனா?"
"விஷம்" என்றார் டாக்டர், மறைக்காமல்.
அந்த ஒரு பதிலுக்காகவே
அவர் மாத்திரையை வாங்கிக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

இப்போது நோட்டில் ஒரு கோடு கூடுதல்.
நண்டு மூன்று கிலோ, தூக்கம் ஐந்து மணி.
நண்டு இல்லை, தூக்கம் பதினொன்று.
கணவாய் இரண்டு கிலோ, தூக்கம் ஏழு.
ஏழு வந்த நாளில்
கடைக்காரர் பாக்கி கேட்டது உறைக்கவில்லை.

நேற்று இருட்டோடு
வாசலில் வலை பின்னும் சத்தம்.
கூடவே சீட்டி.
எத்தனை மாதமாயிற்று அந்தச் சீட்டியைக் கேட்டு!

படுத்தபடியே கேட்டேன்.
சந்தோஷப்படலாமா என்று தெரியாமல்
கைபேசியை எடுத்து மணி பார்த்தேன்.
நாலு நாற்பது.

எழுதிக்கொண்டேன்.